நீர்வண்டு வளர்க்க ஒரு வாளி மண்

எனக்குத் தொழில் சோலார் வாட்டர் ஹீட்டர் சர்வீஸ். அல்சூர், ஜோகுபாளையா, இந்திராநகர் என்று பதினேழு வருடமாகப் பெங்களூரின் மொட்டை மாடிகளில்தான் என் பொழுது போகிறது. கோடை மழை பெய்த மறுநாள் காலையில் தகட்டைத் துடைக்கப் போனால், அடியில் ஒரு கறுப்பு வண்டு மல்லாக்க விழுந்து காலை உதைத்துக்கொண்டு கிடக்கும். புளியங்கொட்டையைவிடப் பெரியது. எண்ணெய் தடவியது போல வழவழப்பு, வெயிலில் பார்த்தால் கொஞ்சம் பச்சை ஓடும், இரண்டு பக்க ஓரத்திலும் மஞ்சள் கோடு. வீட்டுக்காரம்மா “ஹுளா, ஹுளா!” (கன்னடத்தில் பூச்சி) என்று பின்வாங்குவார். நான் டிபன் பாக்ஸைக் காலி செய்து அதில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

ஏரியில் இருக்க வேண்டியது மூன்றாவது மாடிக்கு ஏன் வருகிறது? இந்த வண்டு இருட்டிய பிறகு பறந்து புதுத் தண்ணீர் தேடும். தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு, அதன் அதிர்வு கிடைமட்டமாக ஒழுங்குபட்டுவிடும். நம் கண்ணுக்கு அது தெரியாது, வண்டின் கண்ணுக்குத் தெரியும். கறுப்பாக, வழவழப்பாக இருக்கிற எதுவும் அதே மாதிரி வெளிச்சத்தைத் திருப்பிவிடுவதால், சோலார் கண்ணாடியைக் குளம் என்று நம்பிப் பாய்கிறது. கறுப்புக் காரும் சிவப்புக் காரும்கூட இப்படித்தான் நீர்ப்பூச்சிகளை ஏமாற்றும். ஆக, நான் மாட்டிக் கொடுத்த தகட்டில்தான் அது வந்து மோதுகிறது. அந்தக் குற்ற உணர்ச்சியில் ஆரம்பித்த வளர்ப்பு இது. நான்கு வருடமாக நடக்கிறது. முதல் வருடம் எல்லாம் செத்தது, அதற்கும் நான்தான் காரணம். நீங்கள் அந்தத் தவறைச் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த வண்டு என்று முதலில் பாருங்கள்

நான் சொல்வது ‘சைபிஸ்டர்’ என்ற பேரினத்து வண்டு. டிட்டிசிடே குடும்பம், இரை தின்னும் நீச்சல் வண்டுகள். இரண்டரை சென்டிமீட்டர் நீளம் சாதாரணமாக இருக்கும். இதே அளவில், முழுக் கறுப்பாக இன்னொன்றும் மாடியில் விழும், அது ஹைட்ரோஃபிலஸ் வகை. இரண்டையும் தண்ணீரில் விட்டால் ஒரு நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். சைபிஸ்டர் பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகத் துடுப்புப் போடும், மூச்சு வாங்க வாலைத்தான் மேலே நீட்டும். ஹைட்ரோஃபிலஸ் காலை மாற்றி மாற்றி உதைக்கும், தலையைத்தான் மேலே கொண்டுவரும். அதன் மார்புக்கு அடியில் நீளமாக ஒரு முள் ஓடும், கையில் பிடித்தால் குத்தும். அழுகிய செடிதான் அதற்குப் பிரதான உணவு. அது முட்டையிடுகிற அழகே தனி. பட்டு நூலால் ஒரு பை நூற்று, அதற்குப் பாய்மரம் போல ஒரு தண்டும் வைத்துத் தண்ணீரில் மிதக்கவிடும். அதை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன், வளர்த்ததில்லை. அதனால் இங்கே சைபிஸ்டர் மட்டும்.

ஆணா பெண்ணா என்பதற்கு முன்னங்காலைப் பாருங்கள். ஆணுக்கு முன்பாதம் தட்டையாக, வட்டத் தட்டு மாதிரி விரிந்திருக்கும். கடிகாரக் கடைக்காரர் கண்ணில் செருகும் லென்ஸ் ஒன்றை நூறு ரூபாய்க்கு வாங்கினேன். அதில் பார்த்தால் தட்டின் அடியில் வரிசை வரிசையாகக் குட்டி உறிஞ்சிகள். பாத்ரூம் சுவரில் ஒட்டுகிற ரப்பர் கொக்கி இருக்கிறதே, அதே வேலைதான். பெண்ணின் முதுகு வழவழப்பானது, தண்ணீருக்குள் வேறு எதைக் கொண்டு பிடிக்க? பெண்ணின் காலில் இந்தத் தட்டு இருக்காது.

பெரிய டப்

நாற்பது, ஐம்பது லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று போதும். ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர், அடியில் கொஞ்சம் ஆற்று மணல், பிடித்துக்கொள்ள இரண்டு குச்சி. குழாய்த் தண்ணீர் என்றால் வாளியில் பிடித்து ஒரு முழு நாள் வெயில்படத் திறந்து வையுங்கள், குளோரின் போகட்டும். நான் மழைநீர் டிரம்மிலிருந்து எடுக்கிறேன். டப்பின் மேல் கொசுவலையைக் கயிறு போட்டுக் கட்டியே ஆக வேண்டும். முதல் வாரமே ஒரு ஆண் வண்டு பறந்து போய்ப் பக்கத்து வீட்டுச் சாம்பாருக்குள் விழப் பார்த்தது. அந்த அக்கா ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாப்பாடு சுலபம். வளர்ந்த வண்டு செத்ததையும் விரும்பித் தின்னும். ஓடு உரித்த இறால் ஒரு துண்டு, செத்த வெட்டுக்கிளி, நெத்திலி ஒன்று என இரண்டு நாளைக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். மிச்சத்தை இரவே எடுத்துவிடுங்கள். அழுகினால் நாற்றம் மட்டுமல்ல, தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் விழும். அதுதான் எமன்.

அதை நான் கற்றது இப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன் பேர்வழி என்று உச்சந்தலையில் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். டப்பில் ஒரு குச்சி சாய்ந்திருந்தது, அதே கையை விட்டு நிமிர்த்தினேன். கால் மணி நேரத்தில் பெண் வண்டு மேலே வருகிறது, வாலை நீட்டுகிறது, கீழே போகிறது, உடனே மறுபடி வருகிறது. வழக்கமாக மேல் ஓட்டுக்கு அடியில் காற்றை நிரப்பிக்கொண்டு போனால் பல நிமிடம் அடியிலேயே கிடக்கும். இப்போது காற்றைப் பிடிக்கவே முடியவில்லை. வால் நுனியில் தண்ணீர் ஒட்டாமல் இருந்தால்தான் அது மூச்சு விடும், எண்ணெய் பட்டால் ஒட்டிவிடும். பழைய தினத்தாளைத் தண்ணீர் மேல் விரித்து விரித்து எடுத்தோம், ஏழு தாள் ஆயிற்று. பெண் வண்டு பிழைத்தது. பக்கத்து டப்பில் அதே கை பட்ட புழு பிழைக்கவில்லை.

முட்டைக்கு வெங்காயத்தாமரை

ஜோடி சேர்வதைப் பார்க்க ஆசைப்பட்டால் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு போங்கள். மென்மையான காதல் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஆண் பாய்ந்து பிடிக்கும், பெண் டப் முழுக்க இழுத்துக்கொண்டு உதறும், குலுக்கும். உதறித் தள்ளிவிட்டுத் தப்பிக்கிற நேரமும் உண்டு. பிடி தங்கிவிட்டால் நெடுநேரம் அப்படியே கிடக்கும். டப் சின்னதாக இருந்து ஆண்கள் அதிகமாக இருந்தால் பெண் ஓய்ந்துவிடும். இரண்டு பெண்ணுக்கு ஒரு ஆண் என்று வையுங்கள்.

கண்ணாடித் தொட்டியில் மீன் மாதிரி அழகாக வைத்து வளர்க்கிறவர்களுக்கு முட்டை கிடைக்காமல் போவது இந்த இடத்தில்தான். இந்த வண்டு முட்டையைத் தண்ணீரில் சும்மா போடாது, கல்லிலும் ஒட்டாது. செடியின் சதைப்பற்றான தண்டைக் கீறி, உள்ளே செருகும். பிளாஸ்டிக் செடியை வைத்தால் அது என்ன செய்யும்? அதற்கு நம் ஊர் ஏரிகளை மூடிக்கொண்டிருக்கிற வெங்காயத்தாமரையைவிட நல்லது கிடையாது. ஆகாயத்தாமரை என்றும் சொல்வார்கள். தண்டு பஞ்சு போல உப்பியிருக்கும். நாலைந்து செடியை எடுத்து, வேரில் இருக்கிற சேற்றை நன்றாக அலசி, இரண்டு நாள் தனி வாளியில் ஊறவைத்துப் பிறகு விடுங்கள். வேரோடு அட்டையும் வேறு புழுவும் வந்துவிடும்.

தினமும் காலையில் தண்டுகளைத் தடவிப் பாருங்கள். நகத்தால் கீறியது போல ஒரு பழுப்புக் கோடு தெரிந்தால் உள்ளே முட்டை இருக்கிறது என்று அர்த்தம். என் மகள் எட்டாம் வகுப்பு. ஆர்வம் தாங்காமல் ஒரு தண்டைப் பிளேடால் பிளந்து பார்த்தாள். சீரகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, லேசாக வளைந்து, பால் நிறத்தில் ஒன்று. “அப்பா, தண்டு அதுக்குத் தொட்டில் மாதிரி” என்றாள். தொட்டிலைத்தான் இப்போது பிளந்துவிட்டாயே என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. கோடு தெரிந்த தண்டைச் செடியோடு எடுத்து வேறு டப்புக்கு மாற்றுங்கள். அங்கேயே விட்டால் தாயே பிள்ளையைத் தின்றுவிடும்.

புழு, அதாவது புலி

பொரிந்து வருவது வண்டு மாதிரியே இருக்காது. நீளமாக, மெலிந்து, தலை தட்டையாக, முன்னால் அரிவாள் மாதிரி இரண்டு கொக்கி. இங்கிலீஷில் இதை நீர்ப்புலி என்கிறார்கள், பொருத்தம்தான். கொக்கி இரண்டும் உள்ளே குழாய். இரையைக் குத்திச் செரிமானச் சாற்றை உள்ளே செலுத்தும், சதை கரைந்து கூழானதும் அதே குழாய் வழியாக உறிஞ்சும். கடித்து மெல்லுகிற வேலையே கிடையாது. உறிஞ்சி முடித்த இரை கழற்றிப் போட்ட சட்டை மாதிரி மிதக்கும். விரலில் குத்தினாலும் அதே சாறுதான் இறங்கும், நன்றாக வலிக்கும். கையால் எடுக்காதீர்கள். டீ வடிகட்டி போதும். அப்புறம் அந்த வடிகட்டியைச் சமையலறைக்குத் திருப்பித் தராதீர்கள், என் வீட்டில் அதற்கு ஒரு தனிச் சண்டை நடந்தது.

இந்தப் புழுவுக்குச் சொந்தம் பந்தம் கிடையாது. ஒரே டப்பில் பத்து புழு விட்டால் பத்தாவது நாள் ஒன்றுதான் இருக்கும், கொழுகொழு என்று. ஒரு புழுவுக்கு ஒரு டப்பா, இதில் சமரசமே வேண்டாம். பிரியாணிக் கடையில் பார்சல் கட்டித் தருகிற ஒரு லிட்டர் டப்பாக்களைக் கழுவிச் சேர்த்துவைத்தேன். தண்ணீர் நாலு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம். புழுவும் வால் நுனியால்தான் மூச்சு விடுகிறது, அதனால் பிடித்துக்கொண்டு வாலை மேலே நீட்டிக் காத்திருக்க ஒரு செடித் துண்டோ குச்சியோ வேண்டும். இல்லாவிட்டால் நீந்தி நீந்தியே களைத்துவிடும்.

முதல் பருவத்துக்குக் கொசுப்புழு. இரண்டாம் பருவத்திலிருந்து தட்டானின் நீர்க்குஞ்சு, சின்ன வெட்டுக்கிளி. வெட்டுக்கிளியைக் காலை ஒடித்துத் தண்ணீர் மேல் போட்டால் அது துடிக்கிற துடிப்பிலேயே புழு வந்துவிடும். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறதா? எனக்கும்தான். முட்டையிலிருந்து பெரியதாகும் வரை ஒரு வண்டுக்காக எத்தனை உயிர் போகிறது என்று மகள் எண்ண ஆரம்பித்தாள், ஐம்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டாள்.

கொசுப்புழு வளர்க்கிற வாளியைப் பற்றி ஒரு வார்த்தை. டெங்கு காலத்தில் மாடியில் வாளித் தண்ணீர் வைத்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான். அதனால் நான் வாளியில் தேதி எழுதி, புழு தெரிந்ததும் வலை கட்டி, ஐந்தாம் நாள் மிச்சத்தை வடிகட்டி மண்ணில் கொட்டிவிடுகிறேன். இதற்குப் பொறுமை இல்லை என்றால் இந்த வேலையே வேண்டாம்.

தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். உறிஞ்சி எறிந்த உடல்கள் ஒரே நாளில் நாறிவிடும். புழு மூன்று பருவம் வளரும், நடுவில் இரண்டு முறை தோலுரிக்கும். தோலுரித்த உடனே வெள்ளையாக, பூ மாதிரி மெத்தென்று இருக்கும். அன்றைக்கு இரை போடாதீர்கள், தட்டான் குஞ்சு திருப்பி இதைக் கடித்துவிடும்.

கரை கேட்கிற நாள்

முதல் வருடம் எனக்கு நாலு புழு மூன்றாம் பருவம் வரை தேறின. இரண்டு அங்குலம் இருக்கும். பெருமை தாங்கவில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். ஒருநாள் சாப்பிடுவதை நிறுத்தின. டப்பாவின் ஓரத்தையே சுற்றிச் சுற்றி வந்தன, சுவரில் தலையை முட்டின. ஏதோ நோய் என்று தண்ணீரை மாற்றினேன். இன்னும் மாற்றினேன். மூன்றாம் நாள் காலையில் இரண்டு மிதந்தன, மற்ற இரண்டும் அந்த வாரமே போயின.

அம்மா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் ஊர், ஏரிக்கரை வேலைக்கு மண் சுமந்தவர். கடைசிப் புழு முட்டிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டேய், அது கரை கேக்குதுடா. நாங்க கரையில மண்ணு வெட்டுறப்ப இந்த மாதிரி வண்டு உருண்டைக்குள்ள வெள்ளையா படுத்திருக்கும். தண்ணியிலயே போட்டு வச்சா எங்க போய்ப் படுக்கும்?”

அவ்வளவுதான் விஷயம். முட்டை தண்ணீரில், புழு தண்ணீரில், வண்டு தண்ணீரில், ஆனால் நடுவில் கூட்டுப்புழுப் பருவம் மட்டும் மண்ணுக்குள். முற்றிய புழு கரையேறி, ஈர மண்ணைக் குடைந்து, உருண்டையாக ஒரு அறை கட்டிக்கொண்டு உள்ளே படுக்கும். கரை இல்லையென்றால் மூழ்கிச் சாகும். அதற்கப்புறம் ஏரியைச் சுற்றிக் கல் பதித்துச் சுவர் எழுப்பியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், உள்ளே இருக்கிற புழு எந்த வழியாக ஏறும் என்று என் கண் ஒரு சாய்வான மண் ஓரத்தைத் தேடுகிறது. அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்கும்போதும் இந்தப் பழக்கம் விடவில்லை.

சரி, மண் தயாரிப்பது எப்படி? மூடி உள்ள பெயின்ட் வாளி ஒன்று, மூடியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை. தோட்ட மண்ணும் தென்னை நார்க்கழிவும் பாதிக்குப் பாதி. உரம் கலந்த மண் கூடாது, வேப்பம் பிண்ணாக்கு நிச்சயமாகக் கூடாது. ஒரு சாணுக்குக் குறையாமல் நிரப்பி, லேசாக அழுத்துங்கள். ஈரப்பதம்தான் இதில் கைப்பக்குவம். கொழுக்கட்டை மாவு மாதிரி ஒரு பிடி பிடித்தால் பிடித்தபடி நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் வரக் கூடாது. சொட்டினால் அறைக்குள் தண்ணீர் கோக்கும், உதிர்ந்தால் அறையே நிற்காது.

எப்போது மாற்றுவது? மூன்று அடையாளம். இரையைத் தொடாது. வயிற்றுக்குள் தெரிந்த கருப்பு வெளுக்கும். ஓரம் ஓரமாக அலையும். மூன்றும் சேர்ந்தால் அன்று மாலையே வடிகட்டியில் எடுத்து மண் மேல் விடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒருநாள் முன்னதாக விடுவது மேல், புதையாமல் திணறினால் மறுபடி தண்ணீருக்கு எடுத்துக்கொள்ளலாம். தயாராக இருக்கிற புழு மண்ணில் விழுந்ததும் தலையைத்தான் முதலில் நுழைக்கும். மண்வாரி மாதிரி அந்தத் தலையால் தள்ளித் தள்ளி, காலைக்குள் காணாமல் போயிருக்கும்.

அப்புறம் திறக்காதீர்கள். வாளியை நகர்த்தாதீர்கள், நிழலில் வையுங்கள். உள்ளே முதல் சில நாள் புழு சுருண்டு சும்மா கிடக்கும், பிறகு தோலுரித்துக் கூட்டுப்புழுவாகும், கால் கை எல்லாம் மெழுகில் வார்த்தது போல வெளியே தெரிய வெள்ளையாக இருக்கும். அறை உடைந்தால் அது பிழைப்பது கஷ்டம். ஒரே ஒருமுறை, ஒரு அறை வாளிச் சுவரை ஒட்டியே அமைந்ததால் பிளாஸ்டிக் வழியாக நிழல் மாதிரி பார்க்கக் கிடைத்தது. அதற்குள் திரும்பிப் படுத்தது. அவ்வளவு பெரிய தூக்கத்திலும்.

எங்கள் இரண்டாம் வருடக் கணக்கை மகள் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தாள். ஜூன் 11 முட்டைக் கீறல். ஜூன் 20 பொரிந்தது. 25 முதல் தோல். ஜூலை 1 இரண்டாம் தோல். ஜூலை 15 மண்ணுக்குள். ஆகஸ்ட் 11 வெளியே வந்தது. மொத்தம் 61 நாள். சென்னை மாதிரி வெக்கையான ஊரில் இதைவிடச் சீக்கிரம் முடியும். பெங்களூர் குளிருக்கு இவ்வளவு ஆகிறது.

வெளியே வருவதும் அவசரமில்லை. வண்டாகத் தோலுரித்ததும் ஓடு வெளிறி, மெத்தென்று இருக்கும். கறுத்து இறுகும் வரை அறைக்குள்ளேயே சில நாள் உட்கார்ந்திருக்கும். இந்தக் கட்டத்தில்தான் நமக்குப் பொறுமை போகும். தோண்ட வேண்டாம், தானாக வரும். வந்ததும் குச்சி வைத்த ஆழமில்லாத தண்ணீருக்கு மாற்றி, இறால் போட்டு, ஓடு நன்றாக இறுகும் வரை தனியாக வையுங்கள்.

விடுவது

வளர்ந்த வண்டு ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள டப்பும் போதாது, இறாலும் கட்டுப்படியாகாது. நான் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறேன். செடி அடர்ந்து, ஓரம் மண்ணாக இருக்கிற ஏதாவது குட்டையாகப் பாருங்கள். மீன் நிறைந்த குளம் என்றால் வண்டு சமாளிக்கும், பிடித்தால் கழுத்துப் பக்கம் பால் மாதிரி ஒரு திரவம் விட்டுக் கசக்கவைக்கும். அதன் புழுக்கள்தான் தப்பாது. எங்கே பிடித்தீர்களோ அந்தப் பக்கத்திலேயே விடுங்கள், வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம்.

மாடியிலிருந்து பறக்கவிடாதீர்கள். நான் விட்டேன். முதன்முதலாக மண்ணிலிருந்து வந்த வண்டு, குச்சி மேல் ஏறி உடம்பைக் காய வைத்தது. ஓட்டைத் திறக்காமலே உள்ளுக்குள் மோட்டார் போட்டது போல ரீங்காரம், இறக்கைத் தசையைச் சூடேற்றிக்கொள்கிறது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழும்பியது, எங்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம், ஏரிப் பக்கம் திரும்பியது, பிறகு என்ன நினைத்ததோ, எதிர்க் கட்டிட மாடியை நோக்கி இறங்கியது. இருட்டில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்கு முந்தின தீபாவளி சமயத்தில் நான் மாட்டிய தகடு அது. மகள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கிவிட்டாள்.